முதல் கச்சேரி நடந்த இடம்

பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதே ஆவுடையப்பன் காதில் வயரைச் செருகிக்கொண்டு, கட்டைவிரலைக் கைப்பேசிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு ஆள், பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டென்ட், திருநெல்வேலி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம், பக்கத்தில் மடியில் பழப்பையோடு மனைவி கோமதி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவராகத் தெரிந்திருக்கும், அப்படி நினைத்தாலும் பெரிய தப்பில்லை. பத்தானது, அழுத்தினார். இதே நிமிஷத்தில் இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று பேர் அவரவர் இருக்கிற இடத்தில் அழுத்தியிருக்கவேண்டும், துபாயில் ஒருத்தர், திருப்பூரில் ஏழெட்டுப் பேர், கப்பல் வேலையில் ஒருத்தர், நாலுமுக்கு நண்பர்கள் என்கிற வாட்ஸ்ஆப் குழுவின் வழக்கம் அது. நாலுமுக்கு என்பது நாலு பேர் சேர்ந்த நாட்டுப்புறப் பாட்டுக் குழு, ஆர்மோனியத்தோடு பாடுகிற கொம்பையா, ஒரு உறுமி, ஒரு தவில், ஒரு கிட்டார். அவர்களுடைய புதுத் தொகுப்பு எப்போது வந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கேட்கவேண்டும், முன்னாடியே திருட்டுத்தனமாகக் கேட்டுவைக்கக்கூடாது, கடைசிப் பாட்டு முடிகிறவரை யாரும் வாய் திறக்கக்கூடாது, அதற்காகக் குழுவைப் பூட்டி வைக்கிறது, முடிந்ததும் ஆவுடையப்பன் முதல் சொல் எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்கவேண்டும், பிறகு ஆளாளுக்கு அடித்துக்கொள்ளலாம். ஒரு தடவை அவர் ‘தவில் ஜாஸ்தி, கொம்பையா கம்மி’ என்று எழுதி, அதையே மூன்று மாசம் அரைத்தார்கள். அதெல்லாம் நல்ல காலம். இந்தத் தடவை தொகுப்பின் பெயர் சப்பரம், ஒன்பது பாட்டு, நாற்பத்து மூன்று நிமிஷம், முதல் பாட்டில் உறுமி தூரத்திலிருந்து நடந்து வருகிறது, நன்றாகத்தான் வருகிறது, ஆனால் ஆவுடையப்பனுக்கு அது காதில் ஏறவில்லை, ஏனென்றால் குழுவைப் பூட்டியது இன்றைக்கு இல்லை, பதினாறு வாரத்துக்கு முன்னால், பூட்டின காரணமும் வேறே, அதைத் திறக்கவேண்டிய வேளை இன்னும் நாற்பத்திரண்டு நிமிஷத்தில் வந்துவிடும்.

பதினாறு வாரம் என்று கணக்கு வைத்திருப்பதே ஒரு வேதனை, வேறு யாராவது வைத்திருப்பார்களா, மைக்செட் போடுகிற பேச்சிமுத்து வைத்திருப்பானா, அவன் எதையும் எண்ணுகிறவன் இல்லை, ஸ்பீக்கர் பெட்டியைக்கூட எண்ணாமல்தான் வண்டியில் ஏற்றுவான். சித்திரையில் ஒரு ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கொம்பையா பாடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஊர்ச் சப்பரம் ஒரே ஒரு தெருவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் நடுப்பாட்டில் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்து அமர்த்திவிட்டு, ‘சாமி போகாத தெருவுல இருந்து நாலு பேரு வந்து அந்தக் கடேசில உக்காந்துருக்காங்க, சாமி அங்க போகட்டும், அன்னைக்கு வந்து பாடுதோம்’ என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அவ்வளவுதான். நாற்பது நொடி வீடியோ. மறுநாள் ஞாயிறு, காலையில் அது குழுவில் வந்து விழுந்தது, பதினைந்து வருஷமாக உறுமியா தவிலா என்பதற்கு மேலே எந்தச் சண்டையும் போடாதவர்கள், ஒருத்தரை ஒருத்தர் நீ எந்தத் தெரு என்று ஒரு நாளும் கேட்டிராதவர்கள், இரண்டு மணி நேரத்தில் யார் எந்தத் தெரு என்று அத்தனையும் வெளியே வந்துவிட்டது. பாட்டுக்காரனுக்கு எதற்கு அரசியல் என்று ஒரு கட்சி, இதுதானப்பா பாட்டு என்று ஒரு கட்சி, வாய்க்கு வந்தபடி எழுதினார்கள், முதல் கட்சிக்கு முன்னால் நின்றது ஆவுடையப்பனின் மைத்துனர் குத்தாலிங்கம், கோமதியின் அண்ணன், அவரைக் குழுவில் இழுத்துப் போட்டதும் ஆவுடையப்பன்தான், அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். இரண்டாவது பாட்டு வந்தது. கிட்டார் தனியாகப் போகிறது, குரல் ஏறவில்லை, கொம்பையாவுக்கும் வயசாகிறது, அந்தப் பழைய கரகரப்பு இப்போது மூச்சிரைப்பாகிவிட்டது, ஆனாலும் ஒரு இடத்தில் வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறாரே, அந்தப் பிடி மாறவில்லை. குத்தாலிங்கம் அன்றைக்குக் கடைசியாக எழுதியது ஆவுடையப்பனுக்கு மனப்பாடம். ‘இவங்க முத கச்சேரி எங்க நடந்துச்சு? மார்க்கெட்ல. எல்லாரும் ஒண்ணா நின்னு கேட்டாங்க, எந்தத் தெருன்னு யாராவது கேட்டாங்களா? பேச்சிமுத்து, நீ அங்க இருந்தவன்தான, நீயே சொல்லு.’ உடனே திரையின் மேல் ஓரத்தில் பச்சை எழுத்தில் பேச்சிமுத்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. நாலு நிமிஷம் அப்படியே வந்து வந்து நின்றது, இருநூறு பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாலாவது நிமிஷம் ஆவுடையப்பன் குழுவைப் பூட்டிவிட்டார். கீழே ‘குழுவின் நலன் கருதி’ என்று ஒரு வரி போட்டார்.

எல்லோரும் பாராட்டினார்கள். பெரிய மனுஷத்தனம் என்று தனித்தனியாக எழுதினார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் எழுதினார்கள், சரியான நேரத்தில் கதவைச் சாத்தினீங்க என்றார் துபாய்க்காரர். ஆவுடையப்பனும் நாலைந்து நாள் அதை நம்பினார். பேச்சிமுத்து ஒன்றும் எழுதவில்லை, போன் போடவில்லை, குழுவை விட்டும் போகவில்லை, வைகாசியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன் இவரைப் பார்த்து எப்போதும்போல் கையைத் தூக்கினான், சாப்பிட்டியளாண்ணே என்று கேட்டான், ஆமாம் என்று சொல்லிவிட்டு இவர் செருப்பைத் தேடுகிறவராக வேகமாக நகர்ந்துவிட்டார், செருப்பு காலில்தான் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாலும் ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரு முடிவும் வரும். கையைத் தூக்குகிறவனை என்ன செய்வது. அவன் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமில்லை, அவருக்குத் தெரியும், குழுவிலேயே அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆலங்குளத்தில் பஸ் நின்றது, வெள்ளரிக்காய் விற்கிற பெண் ஜன்னலைத் தட்டினாள், வேண்டாம் என்று கையசைத்தார், மூன்றாவது பாட்டு தவிலோடு தொடங்கியது, இது ஆடுகிற பாட்டு, இதை வைத்துக் கொஞ்ச நாள் கல்யாண வீடுகளில் ஓட்டுவார்கள், கல்யாண வீடுகளில் இனி போடுவார்களா, போடுகிற வீடு எது போடாத வீடு எது என்று இனிமேல் பாட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் போல.

தவில் அடித்தால் ஆவுடையப்பனுக்கு எப்போதும் அந்த அறைதான் வரும், ஒற்றை ஷட்டர் போட்ட ரெக்கார்டிங் சென்டர், பத்துக்கு எட்டு, சுவர் முழுக்கக் கேசட். இருபத்திரண்டு வயசில் அவர் அங்கே வேலைக்கு இருந்தார், ஜனங்கள் ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவர் அதை வெற்றுக் கேசட்டில் பதிந்து, மேலே லேபிள் ஒட்டி, பாட்டின் பெயரைக் குட்டிக் குட்டியாக எழுதிக் கொடுக்கவேண்டும், அவர் கையெழுத்துக்காகவே பக்கத்து ஊரிலிருந்து வருவார்கள். இது பெருமைக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே வந்தார்கள். பேச்சிமுத்து அப்படி வந்தவன்தான், பத்தொன்பது வயசு, அவன் அப்பா மைக்செட் வைத்திருந்தார், கொடைகளில் போடுவதற்குப் பாட்டுப் பதிய வருவான், வந்தால் போகமாட்டான், ஸ்டூலில் உட்கார்ந்து டேப் மிஷினின் ஹெட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பான், கேசட் நாடா சிக்கினால் பென்சிலால் சுற்றி எடுப்பான், அவ்வளவு நேக்கு அவன் விரலுக்கு. நாலுமுக்கின் முதல் கேசட்டைப் பிரதி எடுத்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அன்றைக்குக் கடையின் நல்ல மிஷினை முதலாளி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார், ஆகவே ஆவுடையப்பனின் டேப்ரெக்கார்டரையும் பேச்சிமுத்துவின் டேப்ரெக்கார்டரையும் எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஓடவிட்டு ஒன்றில் பதிவது. ஷட்டரைப் பாதி இறக்கிவிடவேண்டும், ஃபேன் போடக்கூடாது, பேசக்கூடாது, இருமக்கூடாது, ஐந்தாறு பேர் வேர்த்து வழிய, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரு பக்கம் முடிகிறவரை பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பது. ஒரு தடவை பேச்சிமுத்து தும்மிவிட்டான். அந்தத் தும்மல் இரண்டாவது பாட்டின் நடுவில் இன்றைக்கும் இருக்கிறது, பிரதிக்குப் பிரதி போய், துபாய் வரைக்கும் போய்விட்டது, குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பரீட்சையே தும்மல் எத்தனையாவது நிமிஷத்தில் என்பதுதான். பத்து மணி வழக்கம், வாய் திறக்காத வழக்கம் எல்லாம் அந்த அறையிலிருந்து வந்தவை. நாடா ஓடி முடிந்து டக்கென்று பொத்தான் துள்ளும், அதற்குப் பிறகு ஒரு நொடி யாருக்கும் பேச வராது, எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்ப்பார்கள், அவர் ஏதாவது சொல்வார், பேச்சிமுத்து சிரிப்பான். அந்த ஒரு நொடிக்காக அவர் என்ன வேண்டுமானாலும் கொடுப்பார். அந்த அறையை இப்போது இடித்துவிட்டு செல்போன் கடை வந்துவிட்டது, அந்தப் பக்கம் போனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

அந்த முதல் கேசட். மார்க்கெட் கச்சேரி, 1997. நினைப்பு அந்த லேபிளுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது, பதினாறு வாரமாக இதே இடத்தில்தான் நிற்கிறது, இதைத் தாண்டி வேறு எதையாவது நினைக்கலாம் என்றால், இன்றைக்கு மைத்துனர் வீட்டில் மதியச் சாப்பாடு, குத்தாலிங்கத்தின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள், அத்தை புருஷன் என்கிற முறையில் ஆவுடையப்பன் தட்டை வாங்கவேண்டும், வேட்டி சட்டையெல்லாம் புதுசு, அந்த வீட்டுக் கூடத்தில் போய் நிற்கிறபோது கைப்பேசியில் என்ன எழுதியிருக்கவேண்டும், என்ன எழுதியிருக்கக்கூடாது. நாலாவது பாட்டு ஓடுகிறது. இது தேறாது. வரிகள் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கின்றன, கொம்பையா கோபத்தில் எழுதிய பாட்டு, கோபத்தை விட்டுவிட்டுப் பாட்டை எழுதியிருக்கலாம், இதைத்தான் முதல் சொல்லாக எழுதிவிடலாமா, நாலாவது பாட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று, இரண்டு கட்சிக்கும் அது ஒரு வகையில் சந்தோஷமாக இருக்கும், யாருக்கும் காயமில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடலாம். வழுக்கிக்கொண்டு போவதில் அவர் கெட்டிக்காரர். லேபிளில் மார்க்கெட் என்று எழுதியதும் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான். அன்றைக்கு நாலுமுக்கு பாடியது மார்க்கெட்டில் இல்லை. பேச்சிமுத்துவின் தெருவில். அந்தத் தெரு அம்மன் கொடைக்கு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ட்யூப்லைட் கட்டின இரண்டு கம்புக்கு நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பெயர்கூட இன்னும் வைத்துக்கொள்ளாத நாலு பையன்கள் பாடினார்கள். எங்க தெருவுல நாலு பேரு பாடுதாங்கண்ணே, டேப்பை எடுத்துட்டு வாங்க என்று பேச்சிமுத்து முந்தினநாள் கூப்பிட்டபோது ஆவுடையப்பன் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், வீட்டில் பழையபேட்டைக்குப் போவதாகச் சொன்னார், முதலாளியிடம் காய்ச்சல் என்று சொன்னார். இரண்டு பேரிடம் இரண்டு பொய், மூன்றாவதை அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் எவ்வளவு அழகாக இருந்தது என்று அவர் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது, சொன்னால் இடத்தைச் சொல்லவேண்டும். மார்க்கெட் என்று மாற்றிச் சொல்லிச் சொல்லி, வாழைத்தார் மண்டிக்கு முன்னால் கூட்டம் நின்றது, சுமை தூக்குகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து வீசினார்கள் என்றெல்லாம் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லி, அந்தக் கூட்டமும் துண்டும் இப்போது அவருக்கே கண்ணில் தெரிகின்றன, நிஜம்தான் மங்கிக்கொண்டு வருகிறது. நிஜத்தில் தண்ணீர் தெளித்த மண் தெரு, பிள்ளைகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், டேப்ரெக்கார்டரை ஒரு ஆட்டுரல் மேல் வைத்துக்கொடுத்தான் பேச்சிமுத்து, அப்போது சின்னப் பையனாக இருந்த கொம்பையா முதல் வரியை எடுத்ததும் ஒரு கிழவர் ஐயோ என்றார், பாராட்டுத்தான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை அவருக்கு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் பேச்சிமுத்துவின் அம்மா வந்து, டேப் ஓடுகிறது என்று தெரியாமல், அதற்குப் பக்கத்தில் நின்றே கேட்டாள், ‘தம்பி, எங்க வீட்ல சாப்பிடுவியளா?’ சாப்பிடுங்க என்று சொல்லவில்லை. சாப்பிடுவியளா என்று கேட்டாள். ஆவுடையப்பன் போடுங்கம்மா என்றார், போய்ச் சாப்பிட்டார், ஆட்டுக்கறியும் சோறும், அதற்குப் பிறகு அப்படி ஒரு சாப்பாடு அவர் சாப்பிட்டதில்லை, கோமதி கேட்டால் வருத்தப்படுவாள் ஆனால் உண்மை. மறுநாள் கடையில் முதலாளி கேசட்டைக் கையில் எடுத்து இது எங்க பிடிச்சது என்று கேட்டார். முதலாளி சொந்தக்காரர், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். மார்க்கெட்ல என்றார் ஆவுடையப்பன், சொன்ன கையோடு லேபிளிலும் எழுதினார், அழகான கையெழுத்தில். முதலாளி சாப்பிடப் போன நேரம், வேறு சத்தம் எதுவும் பதியாதபடி மைக் ஓட்டையில் வெறும் பின்னைச் செருகி, ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி, மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவில் ஏழு நொடியைத் துடைத்தார். அந்த ஏழு நொடி அமைதியைப் பற்றி குழுவில் பதினைந்து வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது, கரண்ட் போனது என்று ஒரு கட்சி, நாடா இழுபட்டது என்று ஒரு கட்சி, கொம்பையா கண்ணை மூடி மௌனமாக இருந்தார் என்று ஒருத்தர் கட்டுரையே எழுதினார், ஆவுடையப்பன் அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பேச்சிமுத்து ஒரு தடவைகூட அது எங்க தெருண்ணே என்று சொன்னதில்லை. முதல் பிரதியில் லேபிளைப் பார்த்தவன், ஒரு நிமிஷம் பார்த்தான், எழுத்து நல்லா இருக்குண்ணே என்றான்.

அவன் அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. சாவு வீட்டுக்குப் போனார், மாலை போட்டார், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார், சாவு வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்தாவது, ஆறாவது பாட்டுகள் எப்போது வந்து எப்போது போயின என்றே தெரியவில்லை, பஸ் சீதபற்பநல்லூரை நெருங்கிக்கொண்டிருந்தது, வெயில் ஏறிவிட்டது, கோமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். ஒரு காதிலிருந்து வயரை எடுத்தார். பாட்டு எப்படி இருக்கு என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். இருபத்து மூன்று வருஷம் கூட இருந்தவளுக்கு, அவருடைய பரவாயில்லையில் எத்தனை வகை உண்டு என்று தெரியும். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

“எழுதப் போறியளா?” என்றாள் கோமதி.

“முதல் சொல் எழுதணும்லா.”

“அதை மட்டும் எழுதுத ஆளு மாதிரி தெரியலயே.” பழப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். “அண்ணன் வீட்டுல அத்தன பேரு வந்திருப்பாங்க. எழுதுறதா இருந்தா சாப்பிட்டுட்டு எழுதுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள், அப்புறம் முன்சீட்டுக் குழந்தைக்கு விரலை நீட்டி விளையாட்டுக் காட்டத் தொடங்கிவிட்டாள். சாப்பிட்டுட்டு எழுதுங்க. அதில் நியாயம் இருக்கிறது, ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கப் போகிற நாள், சாயங்காலம் எழுதினால் என்ன, நாளைக்கு எழுதினால் என்ன, இருபத்தெட்டு வருஷம் எழுதாததை இன்னும் நாலு மணி நேரம் எழுதாமல் இருந்தால் யாருக்கு என்ன போகப்போகிறது. ஒரு வாரமாக இரண்டு பக்கத்து ஆட்களும் முதல் சொல் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தனித்தனியாகத் துளைக்கிறார்கள், திருப்பூர்க்காரர்கள் வேறு ஒரு குழு தொடங்கி இந்தத் தொகுப்பைக் கேட்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள், அதில் ஒருத்தர் மட்டும் ரகசியமாக ஆவுடையப்பனுக்கு எழுதி, கேட்டுட்டு உறுமி எப்படின்னு மட்டும் சொல்லுங்க என்றார். பாவம். ஆசை எங்கே போகும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டு, பூட்டைத் திறக்காமலே விட்டுவிட்டால்கூட யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், குழுவின் நலன் கருதி. வயரை மறுபடி காதில் வைத்தார். ஏழாவது பாட்டு. ஆர்மோனியம் மட்டும், வேறு ஒன்றுமில்லை, கொம்பையா மெதுவாக, பேசுகிற குரலில், தாங்கள் இத்தனை வருஷமாகப் பாடிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நல்ல பாட்டு. தொகுப்பிலேயே நல்ல பாட்டு இதுதான், ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏனென்றால் முதல் இடத்தைச் சொல்லவேண்டுமே, எங்கேயிருந்து தொடங்குவார், கொம்பையாவுக்குத் தெரியும்தானே, பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர் அவர்தானே, சொல்லிவிட்டால் நல்லது, அவரே சொல்லிவிட்டால் இவர் சொல்லவேண்டியதில்லை, ஆமாம் என்றால் போதும். கொம்பையா பாடினார். மார்க்கெட்டு முக்குல கெளம்பின பாட்டு, மழையில நனைஞ்ச பாட்டு, என்று பாடினார்.

ஆவுடையப்பன் அதை நிறுத்திவிட்டுப் பத்து நொடி பின்னால் இழுத்து மறுபடி கேட்டார், அது வழக்கத்துக்கு விரோதம், நடுவில் நிறுத்தினால் மற்றவர்களோடு சேராது, இந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் செய்ததில்லை, செய்தார். மார்க்கெட்டு முக்குல கெளம்பின பாட்டு. பாடினவருக்கே மறந்துவிட்டது. மறக்காமல் என்ன செய்யும், வருஷத்துக்கு நூறு மேடை ஏறுகிறவர், எல்லாக் கேசட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, இருபத்தைந்தாவது வருஷ விழாவில் மேடைக்குப் பின்னால் கட்டின பேனரில் அப்படித்தான் எழுதியிருந்தது, ஆவுடையப்பனை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டு, மார்க்கெட் கச்சேரியைப் பதிவு செய்த ஐயா என்று சொன்னார்கள், கீழே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பேச்சிமுத்து கைதட்டினான். விட்டுப்போன தெருவுக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கின மனுஷன், அதற்காகக் கையிலிருந்த நிகழ்ச்சிகளையெல்லாம் இழந்த மனுஷன், அந்தத் தெருவை நினைத்தே சப்பரம் என்று ஒரு தொகுப்பு போட்டு, அதில் தன்னுடைய முதல் தெருவை விட்டுவிட்டுச் சுற்றுகிறார், தெரியாமல் சுற்றுகிறார், சுற்ற வைத்தது யார். இந்த நிமிஷம் பேச்சிமுத்துவும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், எங்கேயோ ஒரு பந்தலில், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பத்து மணிக்கு அழுத்தியிருப்பான், அழுத்தாமல் இருக்கமாட்டான். இப்போது இவரைவிட ஒரு பத்து நொடி முன்னால் போய்க்கொண்டிருப்பான். எட்டாவது பாட்டு, ஒன்பதாவது பாட்டு, இரண்டும் நன்றாகவே இருந்திருக்கலாம், கடைசிப் பாட்டில் உறுமி மறுபடி நடந்து தூரத்துக்குப் போனது, அவர் அதைக் கேட்டபடியே எழுதிக்கொண்டிருந்தார், அழித்து அழித்து எழுதினார், சாப்பிட்டுட்டு எழுதுங்க, சாப்பிட்டுவிட்டு எழுதினால் அதுவும் ஒரு லேபிள்தான்.

முதல் கச்சேரி மார்க்கெட்டில் நடக்கவில்லை, என்று எழுதினார். பேச்சிமுத்துவின் தெருவில் அவர்கள் அம்மன் கொடையில் நடந்தது. என்னை அழைத்துப்போனது பேச்சிமுத்து. நான் அவன் வீட்டில் சாப்பிட்டேன். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து லேபிளில் மார்க்கெட் என்று எழுதியது நான்தான். நடுவில் இருக்கிற ஏழு நொடி கரண்ட் போனதால் இல்லை, அது அவனுடைய அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல், அதை அழித்ததும் நான்தான். அன்றைக்கு அவன் பதில் எழுதும்போது குழுவைப் பூட்டியது நலன் கருதி இல்லை, பயந்துதான். இதுதான் என் முதல் சொல். படித்துப் பார்க்கவில்லை, படித்தால் அனுப்பமாட்டார் என்று தெரியும், அனுப்பினார், கையோடு பூட்டைத் திறந்தார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. நாடா நின்று பொத்தான் துள்ளினபிறகு வருமே அந்த மாதிரி, ஆனால் இந்தத் தடவை யாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை. பிறகு குத்தாலிங்கம் வெளியேறினார் என்று வந்தது. அடுத்தது ஒருத்தர் வெளியேறினார், அடுத்தது இன்னும் இரண்டு பேர், திருப்பூர்க்காரர்கள் மொத்தமாக. கைப்பேசி அடித்தது, மச்சான் என்று பெயர் வந்தது, எடுக்கவில்லை, நின்றது, அப்புறம் கோமதியின் பையில் அடித்தது. அவள் எடுத்துப் பெயரைப் பார்த்தாள். ஆவுடையப்பனைப் பார்த்தாள். அடித்து முடிகிறவரை கையிலேயே வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டாள். சாப்பாடு போட்டாங்கன்னா சாப்பிடுவோம், இல்லன்னா ஜங்ஷன்ல ஓட்டல் இல்லாமலா போச்சு என்று முன்சீட்டுக் குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள், அவளுக்கும் பயம்தான், அவள் அண்ணன், அவள் பிறந்த வீடு. ஆவுடையப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துபாய்க்காரர் ஏதோ எழுதினார், இன்னொருத்தர் பெரிதாகக் கோபித்து எழுதினார், இத்தனை வருஷம் எங்களை முட்டாளாக்கினீர்களே என்று, அதில் தப்பில்லை, ஆக்கினார்தான். ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே போனார், அவர் தேடுகிற பெயர் அதில் இல்லை. பேட்டை ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அது வந்தது, குழுவில்தான் வந்தது, எல்லோரும் பார்க்கும்படி, பேச்சிமுத்து எழுதியிருந்தான்.

‘அண்ணே, அன்னைக்கு நான் மார்க்கெட்னுதான் டைப் பண்ணிட்டு இருந்தேன். ஆமா மார்க்கெட்லதான், நானும் இருந்தேன்னு. நாலு தடவ அழிச்சு அழிச்சு எழுதுனேன். எங்கம்மா முகம் வந்துட்டே இருந்துச்சு, அதான் லேட்டாச்சு. இல்லன்னா நீங்க பூட்டுறதுக்கு முன்னாடியே அனுப்பியிருப்பேன்.’

யாரு, பேச்சிமுத்துவா, என்ன சொல்லுதான் என்று கோமதி கேட்டாள். ஆவுடையப்பனுக்கு வாசிக்க வரவில்லை. கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டு, புது வேட்டியின் முனையால் முகத்தை மூடிக்கொண்டு, கேட் திறக்கிறவரைக்கும் அழுதார்.